ரசமட்டம் நேராக்கிய கடை

அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் தெருவில் பாதிப்பேருக்குத் தெரியாது. ரசமட்டம் என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். கொத்தனார்கள் சுவரும் தரையும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நடுவில் ஒரு குமிழி ஓடுகிற கட்டை வைத்திருப்பார்களே, அதுதான் ரசமட்டம். தொழிற்சாலைகளில் வந்து இறங்கும் பெரிய இயந்திரங்களை எள்ளளவும் சாயாமல் தரையில் உட்காரவைப்பது அவர் வேலை. ஓடுகிற இயந்திரம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் போதும், சில மாதத்தில் தன்னைத் தானே தேய்த்துத் தின்றுவிடும். அதனால் அந்த வேலையில் அவருடைய பிடிவாதத்துக்கு நல்ல மரியாதை இருந்தது. தொல்லை எங்கே என்றால், வேலை முடிந்து வரும்போது அந்தப் பிடிவாதத்தையும் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவார்.

அடுத்தவர் வீட்டுச் சுவரில் படம் கோணலாகத் தொங்கினால் அவருக்குப் பேச்சு காதில் ஏறாது. எழுந்து போய் அதை நேராக்கிவிட்டு வந்தபிறகுதான் "என்ன சொன்னீங்க?" என்று கேட்பார். ஓட்டலில் மேசை ஆடினால் சாப்பாடு வருவதற்குள் அதன் காலுக்கு ஒரு வழி பண்ணிவிடுவார். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் தொட்டிலுக்குப் பக்கத்தில் அவர் குனிந்தபோது, குழந்தையின் முகத்தைப் பார்க்கத்தான் குனிகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் பையிலிருந்து மருந்து அட்டை ஒன்றை எடுத்து மடித்து, தொட்டிலின் காலுக்கடியில் செருகிவிட்டுத்தான் நிமிர்ந்தார். முகம் அதற்கப்புறம். இந்தக் கதையை அவர் மனைவி சொல்லாத ஆள் இல்லை.

அந்தக் குழந்தைதான் வளர்ந்து, படித்து, ஒரு நல்ல அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஒருநாள் அந்த வேலையை உதறிவிட்டு வந்து நின்றாள். துறைமுகத்தை ஒட்டிய பழைய வணிகர் குடியிருப்பில் கடை எடுத்திருக்கிறாளாம். கிழிந்துபோன பாய்மரத் துணிகளை வாங்கி, வெட்டி, பைகள் தைத்து விற்கப்போகிறாளாம்.

கரையோரம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் மரக்கட்டடங்கள்தான் அந்தக் குடியிருப்பு. ஒரு காலத்தில் உப்பும் தானியமும் துணிப்பொதிகளும் அடுக்கிவைத்த கிடங்குகள். கூரை முகட்டிலிருந்து இன்னும் உத்திரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன, நுனியில் கப்பியோடு. மேல்மாடியில் படிக்கட்டே இல்லாமல் வெட்டவெளியைப் பார்த்துத் திறக்கும் கதவுகள் இருக்கும். பொதிகளை நேரே படகிலிருந்து தூக்கி உள்ளே இழுத்துக்கொள்வதற்காம். சுவர்ப் பலகைகளில் தார் மேல் தாராகப் பூசி, அது ஒரு தோல் மாதிரி ஆகிவிட்டது. சந்துகளில் எதிரே ஒருவர் வந்தால் நாம் ஒருக்களித்து நின்று வழிவிட வேண்டும். எல்லாம் சேற்றில் அடித்த மரத்தூண்களின் மேல் நிற்பவை. தூண்கள் காலப்போக்கில் இஷ்டத்துக்கு அமுங்கியதில் ஒவ்வொரு வீடும் ஒரு பக்கம் சாய்ந்து, பக்கத்து வீட்டின்மேல் பாரத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறது. படகு படகாக வந்து இறங்கும் பயணிகள் பார்க்க வருவதே இந்தக் கோணலைத்தான்.

ரசமட்டத்துக்கு அந்த இடம் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மகள் கடை எடுத்த அன்று போனார். உள்ளே கால் வைத்தவர் வாழ்த்துகூடச் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து சின்ன ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். குமிழி ஒரே ஓட்டமாக ஓடி ஒரு முனையில் ஒட்டிக்கொண்டது.

"இதுக்குள்ள மனுஷங்க இருப்பாங்களா?" என்றார். மகளின் தோழிகள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"உங்ககிட்ட அபிப்பிராயம் கேட்கலப்பா," என்றாள் மகள். முகம் சிவந்துபோயிருந்தது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வருடமாகப் பேச்செல்லாம் அம்மாவோடுதான். "அப்பா நல்லா இருக்காரா?" என்று அம்மாவிடம் கேட்பாள்; அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சமயத்தில்தான் அவருக்கு வேலையிலிருந்தும் ஓய்வு கொடுத்திருந்தார்கள். நேராக்குவதற்கு வீட்டில் ஒன்றும் பாக்கியில்லை. மகள் தன் வாயால் ஒருமுறை "வாங்கப்பா" என்று கூப்பிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு. தானாகப் போய்க் கேட்க வாய் வரவில்லை.

பயணிகள் வரும் பருவம் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மகள் அம்மாவைப் போனில் அழைத்தாள். வேறொரு துறைமுகத்தில் பழைய பாய்மரத் துணிகள் மொத்தமாகக் கிடைக்கிறதாம். போய்வரச் சில நாள் ஆகும். அதுவரை கடையில் யாராவது தங்கவேண்டும், அம்மா வரமுடியுமா என்று கேட்டாள்.

"எனக்கு முட்டி வலி," என்றாள் அம்மா. "அப்பாவை அனுப்பறேன்."

மறுமுனையில் "சரி" என்று மட்டும் கேட்டது. அன்று காலைதான் அந்த முட்டிகளோடு மாடிப்படி ஏறி இறங்கித் துணி உலர்த்தியிருந்தாள் மனைவி. ரசமட்டம் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க? போனமா, கடையைப் பார்த்துக்கிட்டமா, வந்தமான்னு இருங்க. வாயைத் திறக்காதீங்க," என்றாள்.

வாயைத் திறக்கக்கூடாது என்றாள். கையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மகள் கடைவாசலில் சாவியைக் கொடுத்துவிட்டு, மீதியை நின்றபடியே சொன்னாள். "முதல் படகு வர்ற அன்னிக்குக் காலைல வந்துடுவேன். படகு வரும்போது எல்லாக் கடையும் திறந்திருக்கணும். திறக்காத கடையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவாங்க, இங்க அது ரொம்பக் கறார். பழைய கதவு, ஜன்னல் எதுலயும் உளி படக்கூடாது. அதுவும் கறார்." அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே இத்தனையும் சொல்லிவிட்டுப் படகேறிப் போய்விட்டாள்.

கடைக்குள் நின்று பார்த்தார். தையல் இயந்திரத்தின் இரண்டு கால்களுக்கு அடியில் மரத்துண்டுகள். அப்படியும் தைக்கத் தைக்க அது மெல்ல நகர்ந்து சுவரோரம் போய்விடுகிறது என்று தரையில் இருந்த கீறல்களே சொல்லின. நூற்கண்டு கீழே விழுந்தால் ஒரே மூலைக்குத்தான் போகிறது. அங்கே ஒரு கூடை தயாராக வைத்திருந்தாள். அந்தக் கூடையைப் பார்த்ததும் அவருக்கு என்னவோ செய்தது. என் பெண் இப்படிச் சறுக்கலில் உட்கார்ந்து பிழைக்கவேண்டுமா என்று நினைத்தார்.

பக்கத்துக் கடை ஒரு சலூன். சலூன்காரர் அவர் வயசுக்காரர்தான். வாய் மட்டும் நாலு ஆளுக்கு இருந்தது. தன் நாற்காலியின் கால்களை ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்துக்கு அறுத்து, சரிந்த தரையில் நேராக நிற்கவைத்திருந்தார்.

"அண்ணே, நீங்கதான் அந்த மட்டம் பார்க்கிறவரா?" என்றார் சலூன்காரர். "உங்க பொண்ணு நிறைய சொல்லியிருக்கு."

"என்ன சொல்லிச்சு?"

"அது எதுக்கு இப்ப. உட்காருங்க, முகம் வழிச்சு விடறேன்."

கடைத்தரையில் ஒரு சதுரப் பலகை இருந்தது. தூக்கினால் கீழே குனிந்து நகரும் அளவுக்கு இடம். அதற்கும் கீழே தண்ணீர் பளபளத்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். மூலையில் தரையைத் தாங்கும் உத்திரத்துக்கும் தூணுக்கும் நடுவில் வைத்திருந்த மரச்சக்கை உளுத்து, பிசைந்த மாவு மாதிரி கிடந்தது. உத்திரம் அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. ரசமட்டத்துக்குக் கை துறுதுறுத்தது. அவர் ஏற்றி உட்காரவைத்த இயந்திரங்களுக்கு முன்னால் இது ஒரு பொம்மை வீடு.

பழைய கூட்டாளி ஒருவரின் பட்டறையிலிருந்து இரண்டு திருகு ஜாக்கிகளை வாங்கிவந்தார். சலூன்காரர் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்துக் கீழே இறங்கி, உத்திரத்துக்கடியில் நிறுத்தி, கொஞ்சம் திருகிவிட்டு வருவார். அவசரமே படவில்லை. மரம் பழகிக்கொள்ள நேரம் கொடுக்கவேண்டும், அது அவருக்குத் தெரியும். உளுத்த சக்கையை எடுத்துப்போட்டு, கெட்டி மரத்தில் புதுசு செய்து வைத்தார். ஓய்வு பெற்றதிலிருந்து சோறு இறங்காமல் இருந்தவர் அந்த நாட்களில் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார். மகள் உள்ளே வந்து, நின்று, காலடியில் தரை நேராக இருப்பதை உணர்ந்து தன்னைப் பார்க்கப்போகும் அந்தப் பார்வையை நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டார். இதைவிட நல்ல பரிசு அவரிடம் வேறெதுவும் இல்லை.

"வீடு முனகுதே அண்ணே, கேட்டீங்களா?" என்றார் சலூன்காரர்.

"பழைய மரம். அப்படித்தான்."

"என் கதவும் கொஞ்சம் கடிக்குது."

"ஈரக்காத்து," என்றார் ரசமட்டம். தன் கதவும் இறுகுவதை அவர் கவனித்துத்தான் இருந்தார். அதற்கும் ஈரக்காற்று என்றுதான் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். ஆசை வந்துவிட்டால் தொழில் தெரிந்தவனுக்கும் கண் மறைத்துவிடும் போலிருக்கிறது.

மகள் வருவதற்கு முந்தைய சாயங்காலம், கதவைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டுக் கடைசித் திருகலைத் திருகினார். ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றது. மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தார். எங்கும் அதே. அந்தத் தரையிலேயே பாயை விரித்துப் படுத்து ராஜா மாதிரித் தூங்கினார்.

காலையில் வாசலில் மகளின் குரல் கேட்டது. "அப்பா, வந்துட்டேன். கதவைத் திறங்க."

தாழை நீக்கிக் கதவை இழுத்தார். வரவில்லை. ஒரு காலை நிலைச்சட்டத்தில் ஊன்றி இழுத்தார். கதவும் நிலையும் ஒன்றாக வார்த்த மாதிரி நின்றன. வெளியிலிருந்து அவள் தள்ளினாள். ஜன்னலுக்கு ஓடினார், அதுவும் அப்படியே. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சலூன்காரர் குரல் கொடுத்தார். "அண்ணே, என் கதவும் திறக்க மாட்டேங்குது. உள்ள ஒரு ஆளு சோப்பு நுரையோட உட்கார்ந்திருக்காரு. காலைல உள்ள வரும்போதே நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து இடிச்சுத்தான் வந்தோம்."

"அப்பா," என்றாள் மகள் வெளியிலிருந்து. "என்ன பண்ணீங்க?"

அவர் ஜன்னலை விட்டுவிட்டுக் கதவுக்கு வந்தார். "தரையை நேராக்கினேன்மா. கீழ ஜாக்கி கொடுத்து."

சந்தில் யாரோ நடந்துபோகும் பலகைச் சத்தம் கேட்டது. மற்றக் கடைகள் திறக்க ஆரம்பித்துவிட்டன.  இயந்திரங்களின் நடுவில் எத்தனையோ ஆபத்தைப் பார்த்தவர். இப்படி ஒரு பயம் அவருக்கு வந்ததில்லை. கடை போய்விடும். கடை போவதோடு முடியாது, மகளும் போய்விடுவாள்.

"அப்பா, இந்த வீடு சாயச் சாயக் கதவையும் கூடவே இழைச்சு இழைச்சுப் பொருத்தியிருக்காங்க," என்றாள் மகள். குரல் நிதானமாகத்தான் வந்தது. "எத்தனையோ தலைமுறையா. கதவு, ஜன்னல், அலமாரி எல்லாமே கோணலாத்தான் இருக்கு. அதனாலதான் திறக்குது. தெரியுமா உங்களுக்கு?"

இப்போது தெரிந்தது. நிலைச்சட்டத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணைத் திறந்து பார்த்தார். இதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். கதவின் தலைப்பக்கம் ஒரு ஓரம் அகலமாகவும் மறு ஓரம் குறுகலாகவும் இருந்தது. யார் யாரோ பொறுமையாகச் செதுக்கிய கோணல் அது.

"கதவைக் கொஞ்சம் சீவிட்டா..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மேல கப்பி இருக்கு," என்றார் சலூன்காரர் உதவியாக. "கயித்தைப் போட்டு, பொண்ணை மூட்டை மாதிரி தூக்கி மாடிக் கதவு வழியா இறக்கிடலாம்."

"நீங்க சும்மா இருங்க மாமா," என்றாள் மகள். "அப்பா, ஜாக்கி இன்னும் கீழதானே இருக்கு? இறக்குங்க."

அவர் தரைப்பலகையைத் தூக்கிக் கீழே இறங்கினார். புதுச் சக்கையைத் தட்டித் தளர்த்திவிட்டு, ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்தார். நேராக உட்கார்ந்த ஒன்றை வேண்டுமென்றே கோணலாக்கும் வேலையை வாழ்நாளில் அவர் செய்ததில்லை. கை ஒரு நிமிடம் அப்படியே நின்றது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. முன்பு எவ்வளவு இறங்கியிருந்தது என்று அவர் எங்கேயும் குறிக்கவில்லை. கோணலை யாராவது குறித்துவைப்பார்களா? அவர் குறித்ததெல்லாம் மட்டத்தைத்தான். ஒரேயடியாக இறக்கிவிட்டால் உத்திரம் எங்கே போய் நிற்குமோ, கதவு இன்னொரு பக்கம் கடித்துக்கொள்ளுமோ, யாருக்குத் தெரியும்?

"முதல்ல எங்க இருந்ததுன்னு நான் குறிச்சு வைக்கலம்மா," என்று கீழேயிருந்து கத்தினார். இதைச் சொல்ல அவருக்கு என்ன பாடாக இருந்திருக்கும் என்று அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

மகளின் குரல் வந்தது. இந்தமுறை தரையோடு தரையாக, கதவின் அடியிடுக்கு வழியாகப் பேசினாள். "நான் கதவைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன். இது எப்படி உட்காரும்னு என் கைக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லத் திருப்புங்க. நான் சொல்லாம திருப்பாதீங்க."

"சரிம்மா."

"கொஞ்சம்."

திருப்பினார். மேலே மரம் நெடுமூச்சு விட்டது.

"இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க. இருங்க, தலைப்பக்கம் பிடிக்குது. அந்த இன்னொரு ஜாக்கியை."

சேற்று வாடையும் தார் வாடையும் மூக்கை அடைத்தன. மகளின் குரலைத் தவிர அந்த இருட்டில் அவருக்கு வேறு அளவுகோல் இல்லை. அவள் சொன்னால் திருப்பினார், நிறுத்தச் சொன்னால் நிறுத்தினார். ஒரு வருடத்தில் அவள் அவரோடு பேசிய பேச்சைவிட அந்தக் கொஞ்ச நேரத்தில் பேசியதுதான் அதிகம். எல்லாம் "கொஞ்சம்", "இருங்க", "ம்", இவ்வளவுதான். ஆனாலும் அவருக்குக் கண் கலங்கியது. கீழே யார் பார்க்கப்போகிறார்கள் என்று கலங்கவிட்டார்.

முதலில் திறந்தது சலூன் கதவு. படாரென்று ஒரு சத்தம், பின்னாலேயே ஒருவர் ஒரு கன்னத்து நுரையோடு சந்தில் ஓடினார். "மீதியை நாளைக்கு வந்து வழிச்சுக்குங்க," என்று சலூன்காரர் அவர் முதுகுக்குச் சொன்னது கேட்டது.

"இன்னும் துளி," என்றாள் மகள். "துளிதான். ம். நிறுத்துங்கப்பா."

கதவு தரையை உரசிக்கொண்டு, முனகிக்கொண்டு திறந்தது.

அவர் தலைமுடியெல்லாம் ஒட்டடையும் முழங்கையெல்லாம் சேறுமாகத் தரைப்பலகை வழியே வெளியே வந்தபோது அவள் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் வாசலில் பாய்த்துணிப் பொதிகள் கிடந்தன.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

"அதான் கேட்கல." அவர் தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு நிமிர்ந்து சொன்னார். "போன வருஷம் அவ்வளவு பேருக்கு முன்னால அப்படிச் சொன்னது தப்புதாம்மா. இதுவும் தப்புதான். ரெண்டுக்கும் சேர்த்துத் திட்டு."

அவள் திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை. பொதிகளை உள்ளே இழுத்துப்போட்டுவிட்டு, போகிற போக்கில் தையல் இயந்திரத்தின்மேல் கைவைத்தவள் நின்றாள். அழுத்திப் பார்த்தாள். உட்கார்ந்து ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து மிதித்தாள். இயந்திரம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"அந்த மூலைல சக்கை உளுத்துப்போயிருந்துச்சு. புதுசு வெச்சிருக்கேன்," என்றார் மெல்ல. "அதை எடுத்துடணுமா?"

"எதுக்கு எடுக்கணும்?" இன்னொரு தையலும் ஓட்டிப் பார்த்தாள். "இது நல்லா இருக்குப்பா."

அவருக்கு அது போதவில்லை. செய்த வேலை செய்த வேலையாக முடியவேண்டும். "கதவு அடியில உரசுது பாரு. இன்னும் கொஞ்சம் இறக்கினா பழையபடி ஆயிடும்."

"தெரியும். பழைய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

"ஏன்?"

"நீங்க இத்தனை நாள் கஷ்டப்பட்டதுல கொஞ்சமாவது இருக்கட்டுமேன்னுதான்." அவள் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உரசினா தோளைக் கொடுத்துத் தள்ளிக்கறேன்."

முதல் படகு வந்தபோது சந்தில் எல்லாக் கடைகளும் திறந்திருந்தன. பயணிகள் கழுத்தை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு கட்டடங்களைப் பார்த்தபடி வந்தார்கள். பைக்கடையின் கதவு காற்றில் அடிக்கடி சாத்திக்கொண்டது. ரசமட்டம் வாசலிலேயே நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்துவிட்டார். "பார்த்து வாங்க, தரை சரிவு," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று சலூன்காரர் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நம்பலாம். பைகள் நன்றாக விற்றன.

பொழுது சாய்ந்ததும் ரசமட்டம் சக்கையை அந்த அளவிலேயே இறுக்கிவிட்டு, ஜாக்கிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினார். வந்த வேலை முடிந்துவிட்டது. மகள் கடைக்குள் கணக்குப் போடாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தாள், களைத்துப்போய். அவர் செருப்பை மாட்டுவதில் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டார். சந்தில் இறங்கி நாலடி நடந்திருப்பார்.

"அப்பா," என்று கூப்பிட்டாள். கதவை இழுத்துத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். "அடுத்த வாரம் எப்ப வரீங்க?"

"ஏன், எதாவது ரிப்பேரா?"

"ரிப்பேர்னாத்தான் வருவீங்களா? சும்மா வாங்கப்பா."

சும்மா ஒரு இடத்துக்குப் போவது அவருக்குப் பழக்கமே இல்லை. "திங்கட்கிழமை வரேன்" என்றார். சாக்கைத் தோள் மாற்றிப் போட்டதில் ஜாக்கிகள் கடகடக்க, முதல் தடவை அது அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லவேண்டியிருந்தது.